இடப்பக்கம் புரள மறுத்த விமானம்

பண்டத்தரிப்பில் குணலட்சுமியின் வீட்டுக்கும் அவளுடைய அக்கா பாலேஸ்வரியின் வீட்டுக்கும் நடுவில் தடிகள் நட்ட ஒரு கதியால் வேலி நின்றது. அந்த வேலியால் இரண்டு வீட்டு ஆண்களும் இரண்டு வருடமாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. தகப்பன் சீதனமாகக் கொடுத்த வளவை இரண்டாகப் பிரித்தபோது, மூத்த மருமகன் இராசநாயகம் நில அளவையாளர், ஊர் வாயில் சேவையர், என்பதால், வெளியாள் எதற்கு என்று தானே சங்கிலி பிடித்து அளந்தார். வேலி போட்டு முடிந்த பிறகு இளைய மருமகன் சண்முகநாதன், குணலட்சுமியின் புருஷன், அது தன் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கும் மாஸ்ரர். ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான் என்று நிற்பவர். சேவையருக்கோ தன் அளவில் பிழை பிடித்தது தன் குலத்தையே பழித்ததுபோல ஆகிவிட்டது.

அக்காவுக்கும் தங்கைக்கும் இதில் சண்டை இல்லை. வேலியில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பொட்டு ஒன்று வைத்து, அதற்குள்ளால் கறி மாற்றிக்கொண்டார்கள். புருஷன்மார் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போய் வந்தது. பங்குக் கிணற்றில் இன்றைக்கு ஆருக்கு இறைப்பு, வாழைக்குலை எந்தப் பக்கம் சாய்ந்தது எல்லாம் இரண்டு பெண்களின் வாயால்தான் தீர்ந்தன. குணலட்சுமிக்கு அலுத்துவிட்டது. சமைக்கிற நேரம் பாதி, தூது போகிற நேரம் பாதியாக இருந்தது அவளுடைய நாள்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அவர்களுடைய தம்பி கனகேந்திரன் இலண்டனிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் அத்தான்மார் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விமானம் கொண்டுவந்திருந்தான். இரண்டு முழம் நீளம், மூக்கில் ஒரு சின்ன எஞ்சின். தரையில் நின்று ஒரு பெட்டியில் குச்சிபோல் நிற்கும் பொல்லுகளை அசைத்தால் ஆகாயத்தில் அது திரும்பும். மாஸ்ரர் முன்பு ஒரு வருடம் படிப்புக்காக இலண்டனில் இருந்தபோது, ஞாயிறுகளில் மச்சானோடு போய் இப்படியான விமானங்களை ஓட்டிப் பழகியவர். சேவையர் கண்டதில்லை. ஆனால் கண்டவுடன் அவருடைய கை பெட்டியை விட்டு எழும்ப மறுத்தது.

அப்போதுதான் குணலட்சுமிக்கு ஒரு யோசனை வந்தது. தம்பியைக் கூப்பிட்டு, கொன்ரோல் பெட்டியைத் தன் வீட்டிலும் எஞ்சினை அக்கா வீட்டிலும் கொடு என்றாள். ஒருவரில்லாமல் மற்றவர் பறக்கவிட முடியாது, அப்போது கதைத்துத்தானே ஆக வேண்டும். தம்பி அப்படியே செய்தான். விமானத்தின் உடலைக் கிணற்றடிக் கொட்டிலில் வைத்தான். அது இரண்டு பேருக்கும் பொதுவான இடம்.

ஒரு குறை. வந்த வழியில் எங்கேயோ யாரோ ஒருவருடைய பெட்டிக்கு அடியில் கிடந்து, இறக்கைகளான செட்டை இரண்டும் நொறுங்கிப் போயிருந்தன. உடலுக்கும் வாலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. செட்டையின் வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பாத்துச் செய்யுங்கோ அத்தான் என்று சொல்லித் தம்பி விமானம் ஏறிவிட்டான்.

மற்றவன் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இரண்டு பேரும் தயாரில்லை. ஆகவே இடப்பக்கச் செட்டையைச் சேவையர் தன் வீட்டிலும், வலப்பக்கச் செட்டையை மாஸ்ரர் தன் வீட்டிலும் செய்வதென்று பொட்டுக்குள்ளால் உடன்படிக்கையாயிற்று. பாரமில்லாத மரம் வேண்டும். சேவையர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வேலியில் நின்ற காய்ந்த முள்முருக்குக் கதியால்களில் இரண்டை அரிந்தெடுத்தார். அடுத்த நாள் அதைக் கண்ட மாஸ்ரர், பொது வேலியில் தனக்கும் பாதி உண்டு என்று தானும் இரண்டை அரிந்தார். குணலட்சுமிக்குச் சந்தோஷம்தான், பொட்டு அகலித்துவிட்டது. பாலேஸ்வரியின் கோழிகளுக்கு அதைவிடச் சந்தோஷம்.

சட்டம் கட்டி, அதன்மேல் மெல்லிய துணி ஒட்டிப் பசை பூசினார்கள். துணிக்கு இரண்டு வீட்டிலும் பழைய வொயில் சீலைகள் போயின. செட்டையின் பின்னோரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக அசையும் மடல் ஒன்று வைத்தார்கள். உடலுக்குள் இருக்கும் சின்ன மோட்டரின் கை ஆடும்போது இரண்டு கம்பிகள் அந்த மடல்களைத் தள்ளி இழுக்கும். வலது மடல் எழும்பி இடது மடல் தாழ்ந்தால் விமானம் வலப்பக்கம் புரளும். மாறி நடந்தால் இடப்பக்கம். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், மருந்துக்கடை ஈதர் மூன்றும் கலந்த எண்ணெய். அதை மாஸ்ரர் கலந்த நாளில் வீடு முழுக்க ஆசுபத்திரி மணம் வீசியது. சோற்றிலும் வீசியது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிவு வெட்டி முடிந்த வயலில் விமானத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். சேவையர் காற்றாடியைச் சுண்டி எஞ்சினை முடுக்கினார். நாலாம் தடவை அது அவருடைய விரலைத் தட்டிவிட்டு உறுமத் தொடங்கியது. மாஸ்ரர் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். விமானம் வைக்கோல் தாள்களுக்கு மேலால் ஓடி, எழும்பி, நேராகவே பறந்தது. குணலட்சுமி தன்னையறியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்ரர் வலப்பக்கம் திருப்பப் பொல்லை மெல்லத் தட்டினார். விமானம் படாரென்று முதுகு காட்டிப் புரண்டது. ஒருபடியாக நிமிர்த்திவிட்டு இடப்பக்கம் தட்டினார். அது கேட்காததுபோல் போய்க்கொண்டிருந்தது. பொல்லை மூலை வரைக்கும் தள்ளினார். படுத்த மாட்டை எழுப்பினாற்போல, வேண்டா வெறுப்பாய்க் கொஞ்சம் சரிந்தது. இடப்பக்கம் திருப்ப முடியாததால் மாஸ்ரர் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்துக்குள் இறக்கினார். இரண்டு கன்று முறிந்தது. தோட்டக்காரரிடம் பாலேஸ்வரி போய்ச் சமாதானம் சொன்னாள்.

சகலர் இரண்டு பேரும் விமானத்தின் இரண்டு பக்கத்திலும் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஆனாலும் மாஸ்ரர் குணலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"சேவையரிட்டைச் சொல்லும், இடப்பக்கச் செட்டை முறுகிப்போய்க் கிடக்கு. அது கூடத் தூக்குது. அதுதான் அந்தப் பக்கம் சரிய மாட்டன் எண்டுது."

கேட்டுக்கொண்டிருந்த சேவையர் தன் மனைவியைப் பார்த்தார்.

"மாஸ்ரரிட்டைச் சொல்லு, வலப்பக்கச் செட்டைதான் பாரம். பாரமான பக்கம் கெதியாய்ச் சரியும். உதுக்குப் பௌதிகம் படிக்கத் தேவையில்லை."

குணலட்சுமிக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆளாளுக்குத் தன் பக்கச் செட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளாளுக்கு ஒரு ஒழுங்கை வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கிழமை மாஸ்ரர் சாப்பாட்டில் கவனமில்லாமல் இருந்தார். வெளியில்தான் அவர் சேவையரின் செட்டையைக் குறை சொன்னார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் விடியப்புறம் குணலட்சுமி அடுப்பு மூட்ட எழும்பியபோது, அவர் குசினிக்குள் தன் செட்டையின் துணியை உரித்துவிட்டு, போத்தல் துண்டொன்றால் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிலமெல்லாம் மரத்தூள். என்ன செய்யிறியள் என்று கேட்டாள். மினுக்கிறன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பாரமாய்த்தான் போச்சுது போல, அங்கை சொல்லாதையும் என்றார். உரித்த துணி கிழிந்துவிட்டதால் இன்னொரு சீலை கேட்டார். முதல் கொடுத்த நீல வொயில் முடிந்துபோயிருந்தது. ரோசாப்பூப் போட்டது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தாள்.

அன்றைக்குக் கிணற்றடியில் பாலேஸ்வரி உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். குணலட்சுமியைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். சேவையர் அத்தான் சில்லாலைப் பக்கம் போய், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வாங்கி வந்து, யாரும் காணாமல் இடப்பக்கச் செட்டையின் நுனிக்குள் வைத்துத் தைத்திருக்கிறாராம். மாஸ்ரருடைய செட்டை பாரம் என்று சத்தம் போட்ட மனுசன், தன்னுடையது பாரம் போதாதோ என்று இரவு முழுக்கப் புரண்டு படுத்திருக்கிறார்.

குணலட்சுமி தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். இரண்டு பேரும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாளிக் கயிறு கைநழுவிக் கிணற்றுக்குள் போனது. கொக்கை போட்டு எடுக்கும்போதுதான் குணலட்சுமிக்குச் சிரிப்பு நின்றது. ஒருவர் வலப்பக்கத்தின் பாரத்தைக் குறைத்திருக்கிறார், மற்றவர் இடப்பக்கத்தின் பாரத்தைக் கூட்டியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் விமானம் என்ன பாடு படும்? சொல்லிவிடலாமா என்று அக்காவைக் கேட்டாள். பாலேஸ்வரி யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் பக்கம் பிழை இருக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள், அதைப் போய்க் காட்டிக் கொடுத்தால் இனி ஒருநாளும் நினைக்க மாட்டார்கள் என்பது அவளுடைய நியாயம். குணலட்சுமி அரைமனதோடு தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு வயலில் செட்டைகளைப் பூட்டியபோது ரோசாப்பூச் சீலை எல்லாருடைய கண்ணிலும் பட்டது. சேவையர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டால் தன்னையும் கேட்பார்கள் என்ற பயம். குணலட்சுமிக்கு இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எஞ்சின் சத்தம் அதை மூடிவிட்டது.

விமானம் நிலத்தை விட்டதுதான் தாமதம், இடப்பக்கம் சாய்ந்துகொண்டு போனது. மாஸ்ரர் வலப்பக்கம் தட்டினார். ஒரு துள்ளுத் துள்ளிப் புரண்டது, பொல்லை விட்டதும் மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது. வயலைச் சுற்றி வளைந்து, தாழ்ந்து, ஆள் உயரத்தில் நேரே அவர்களைப் பார்த்து வந்தது. மாஸ்ரர் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு எந்தப் பக்கம் தட்டுவதென்று தெரியாமல் நின்றார்.

"மாஸ்ரர், படுங்கோ" என்று சேவையர் கத்தினார்.

இரண்டு வருடத்தில் அவர் சகலனுக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அதுதான். மாஸ்ரரும் மறுபேச்சில்லாமல் பெட்டியோடு வயலில் குப்புற விழுந்தார். விமானம் அவருடைய முதுகுக்கு மேலால் போய், வயல் மூலையில் இருந்த வைக்கோற்போருக்குள் பாதி உடம்பைச் செருகிக்கொண்டு நின்றது.

இழுத்து வெளியே எடுத்தபோது இடப்பக்கச் செட்டையின் நுனி கிழிந்து ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. மாஸ்ரர் அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதே நேரம் சேவையர் ரோசாப்பூவில் விரலை வைத்து அமத்தினார். ஈர்க்கு மாதிரி மெலிந்துபோயிருந்த சட்டம் மெல்ல முறிந்து விரல் உள்ளே போனது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சதி நடந்திருக்கிறது என்ற முடிவு இரண்டு முகத்திலும் எழுதி ஒட்டினாற்போல் தெரிந்தது.

இதற்குமேல் சும்மா இருந்தால் வேலியில் மிச்சக் கதியாலும் ஆயுதமாகிவிடும் என்று குணலட்சுமிக்கு விளங்கியது. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஆரும் ஆருக்கும் குழி பறிக்கேல்லை. இவர் தன்ரை செட்டை பாரமெண்டு நினைச்சுச் சுரண்டினவர். அத்தான் தன்ரை செட்டை பாரம் காணாதெண்டு ஈயம் வைச்சவர். ரெண்டு பேரும் தங்கடை பிழையைத்தான் திருத்தினனீங்கள். ஆனால் ஒருத்தருக்கொருத்தர் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் ஒராள் திருத்தினது காணும்."

மாஸ்ரர் இடுப்புச் சாரத்தில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினார். சேவையர் குனிந்து ஈயக்குண்டுகளைப் பொறுக்கினார். நிமிர்ந்து, சுரண்டினது கூடிப்போச்சோ என்று மாஸ்ரரைப் பார்த்து நேராகவே கேட்டார். ஓம், கொஞ்சம் கூடிப்போச்சு என்றார் மாஸ்ரர். கொட்டிலுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் பசையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த பாலேஸ்வரி, தங்கையின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

திருத்திய செட்டைகளை விமானத்தில் பூட்டிச் சோதிக்க வேண்டும். கொட்டிலுக்குள் இடம் போதாது. ஒருவருடைய முற்றம் என்றால் மற்றவருக்கு இன்னும் கூச்சம். பழக்கம் உடனே விடுமா? கடைசியில் வேலி நின்ற இடத்திலேயே இன்னும் நாலு கதியாலைப் பிடுங்கிவிட்டு, இரண்டு வளவுக்கும் பொதுவாக ஒரு மேசையைப் போட்டார்கள். சேவையர் நிலம் அளக்கும் தியோடலைட்டை முக்காலியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் குழாயால் இடது நுனியைப் பார்த்தார், வலது நுனியைப் பார்த்தார். மாஸ்ரர் விமானத்தை மூக்கிலும் வாலிலும் நூல் கட்டி மாமரக் கொப்பில் தூக்கினார். ஈயக்குண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, கடைசியில் ஒன்றில் பாதியை வெட்டி வைத்தபோது செட்டை இரண்டு பக்கமும் தராசுபோல் நின்றது. முறுக்கும் இல்லை, பாரமும் இல்லை. இரண்டு செட்டையும் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் என்று சேவையர் அறிவித்தார்.

அப்படியானால் முதல் நாள் ஏன் இடப்பக்கம் புரள மறுத்தது? இந்தக் கேள்வி மேசைமேல் வந்து குந்திக்கொண்டது. அன்றைக்கு விட்டுவிட்டால் நேராகத்தானே பறந்தது என்றார் மாஸ்ரர். பிழை செட்டையில் என்றால் பொல்லைத் தொடாதபோதும் சரிந்திருக்க வேண்டும். புரட்டும்போது மட்டும்தான் கோணல். ஆகவே புரட்டுகிற சாமானைப் பார்க்க வேண்டும். சேவையர் அதற்குத் தலையாட்டினார். குணலட்சுமி அப்படியொரு தலையாட்டலை அவரிடம் இதுவரை கண்டதில்லை.

மாஸ்ரர் பொல்லை வலப்பக்கம் முழுக்கத் தள்ளினார். சேவையர் பாகைமானியை வைத்து மடலின் சரிவை அளந்தார். இடப்பக்கம் தள்ளச் சொன்னார், அளந்தார், மறுபடி அளந்தார். வலப்பக்கம் புரட்டும்போது மடல்கள் எழும்பித் தாழ்ந்ததில் பாதிகூட இடப்பக்கம் புரட்டும்போது இல்லை. இரண்டு தலைகளும் ஒன்றாக விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்தன. அங்கே சின்ன மோட்டரின் கை, பொல்லைத் தொடாமல் இருக்கும்போது நிமிர்ந்து நிற்க வேண்டியது, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அச்சில் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தது. அந்தக் கோணலோடேயே தாங்கள் கம்பிகளை நீட்டிச் சுருக்கி மடல்களை மட்டமாக்கியிருந்ததால் வெளியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைக்கு ஒரு பக்கம் வீச்சு, மறுபக்கம் முடக்கம்.

"இந்தக் கையை ஆர் பூட்டினது?" என்று சேவையர் கேட்டார்.

"நான் தொடேல்லை. நீங்களும் தொடேல்லை. லண்டனிலையே பூட்டி வந்தது" என்றார் மாஸ்ரர்.

இரண்டு பேரும் நிமிர்ந்து சகோதரிகளைப் பார்த்தார்கள். அவர்களுடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி. பிழை தன்னுடையதுமல்ல, சகலனுடையதுமல்ல, மச்சானுடையது.

"உங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் ஒண்டை நேராய்ப் பூட்டத் தெரியாது" என்றார் மாஸ்ரர் குணலட்சுமியிடம். சேவையர் உடனே மாமனார் கட்டிய ஆட்டுக்கொட்டில் முதல் மாரிக்கே சரிந்த கதையை எடுத்தார். மாஸ்ரர், மச்சான் தாலி கட்டும்போது மூன்றாம் முடிச்சு அவிழ்ந்ததை நினைவூட்டினார். இப்படி ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு, இரண்டு ஆண்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பாலேஸ்வரிக்குக் கோபம் வந்து உள்ளே போய்விட்டாள். குணலட்சுமிக்கும் வந்தது. இரண்டு வருடத் தூதுக்கு முற்றுப்புள்ளி விழுந்ததற்குத் தம்பியையும் தகப்பனையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். ஆனாலும் தேத்தண்ணி போட்டபோது ஒரே தட்டில் இரண்டு கோப்பை வைத்துக் கொண்டுவர முடிந்தது. அது ஒரு சுகம்தான்.

அந்தக் கையைக் கழற்றி நேராகப் பூட்டிவிட்டு, பங்குனி வந்ததும் காற்று அதிகமில்லாத ஒரு பின்னேரம் மூன்றாம் முறை பறக்கவிட்டார்கள். விமானம் எழும்பியது. மாஸ்ரர் வலப்பக்கம் தட்டினார், அளவாகப் புரண்டது. இடப்பக்கம் தட்டினார், அதே அளவாகப் புரண்டது. எட்டுப் போட்டது. முழுதாய் ஒரு புரளல் புரண்டு நிமிர்ந்தது. கையை விட்டால் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. ஆகாயத்தில் ஒரு பக்கம் ரோசாப்பூவும் மறுபக்கம் அக்காவின் சீலைப் பச்சைக்கரையுமாக அது போவதைக் குணலட்சுமி கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். அத்தனை நாளும் கோபத்தில் இருந்த பாலேஸ்வரிகூடக் கை தட்டினாள்.

மாஸ்ரருக்கு மனம் நிறைந்துவிட்டது. விமானத்தை நேராக விட்டுவிட்டு, கழுத்திலிருந்த பெட்டியைக் கழற்றிச் சேவையரிடம் நீட்டினார்.

"அண்ணை, இனி நீங்கள் பிடியுங்கோ."

சேவையர் இரண்டடி பின்னுக்குப் போனார். தனக்குப் பழக்கமில்லை, மாஸ்ரரே ஓட்ட வேண்டும் என்றார். பழக்குகிறேன் என்றார் மாஸ்ரர். உங்கள் கையின் பழகிய வாலாயம் எனக்கு வராது என்றார் சேவையர். அளந்து பிழை பிடித்தது நீங்கள், முதல் உரிமை உங்களுக்கு என்றார் மாஸ்ரர். அப்படிச் சொல்லக் கூடாது, யோசித்துச் சொன்னது நீங்கள் என்றார் சேவையர். பெட்டி ஒரு நெஞ்சிலிருந்து மறு நெஞ்சுக்குப் போய்ப் போய் வந்தது. இரண்டு வருடம் பேசாத மரியாதையெல்லாம் ஒரே பின்னேரத்தில் பேசித் தீர்க்க வேண்டும்போல நின்றார்கள்.

குணலட்சுமிதான் முதலில் கவனித்தாள். எஞ்சின் சத்தம் தூரத்து நுளம்பின் இரைச்சலாகத் தேய்ந்துவிட்டது. இஞ்சாருங்கோ என்றாள். அவர்கள் திரும்பவில்லை. இஞ்சாருங்கோ, பிளேன் என்று இரண்டாம் முறை சொன்னாள். பனைகளுக்கு மேலால், வடக்கே கடற்பக்கம், ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது. ஈயம் வைத்த நாளின் சாய்வு இருந்திருந்தால் இடப்பக்கம் வளைந்து திரும்பி வந்திருக்கும். இப்போது அதற்கு எந்தப் பக்கமும் சாயத் தேவையில்லை. மாஸ்ரர் பெட்டியைப் பறித்துப் பொல்லை எல்லாத் திசையும் தள்ளினார். புள்ளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு பேரும் இரண்டு சைக்கிளில் மாதகல் கரைக்குப் போனார்கள். கரையில் வலை தட்டிக்கொண்டிருந்த பிலிப்பு என்பவர், ஏதோ ஒன்று கத்திக்கொண்டு போனது உண்மைதான், இருப்பதற்கு இடம் தேடுகிற நாரையாக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். கடல் தட்டையாய்க் கிடந்தது.

மாஸ்ரர் மணலில் குந்தினார். சேவையரும் பக்கத்தில் குந்தினார். கோடிக்கரை இஞ்சையிருந்து எவ்வளவு தூரம் அண்ணை என்று மாஸ்ரர் கேட்டார். சேவையர் ஈர மணலில் கரையைக் கீறி, விரலால் அளந்து சொன்னார். மாஸ்ரர் வேகத்தை எழுதினார், காற்றைக் கூட்டினார். கூட்டல் ஒரு இடத்தில் பிழைத்தது. சேவையர் அதை அழித்துத் திருத்தினார், மாஸ்ரர் திருத்தியதிலிருந்து மேலே கூட்டினார். கடைசியில் காற்று இப்படியே இருந்தால் இருட்ட முன் இந்தியாவில் இறங்கும் என்ற முடிவுக்கு இரண்டு பேரும் ஒருமனதாக வந்தார்கள். யாராவது கண்டெடுத்தால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரிப் புரளுகிறதைப் பார்த்து மெச்சுவார்கள் என்றார் சேவையர்.

எண்ணெய்த் தாங்கி கோழிமுட்டை அளவுகூட இல்லை, பாதிக் கடலுக்கே போதாது என்பது குணலட்சுமிக்குத் தெரியும். அன்றைக்கு அதை நிரப்பியவள் அவள்தான். சுடுதண்ணிப் போத்தலில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியை இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.